பழைய கியர் சைக்கிளுக்கு மோட்டார்: கடன் கேட்போர் கவனத்திற்கு



நமது அறக்கட்டளையின் வட்டியில்லாக் கடனுக்கு வரும் விண்ணப்பங்களில் அண்மைக் காலமாக ஒரு புதுக் கோரிக்கையைப் பார்க்கிறோம். வீட்டில் பழைய கியர் சைக்கிள் சும்மா கிடக்கிறது, அதற்கு மோட்டார் வைத்துக்கொள்ளப் பணம் வேண்டும் என்கிறார்கள். கேட்பவர்களில் ஃபஜ்ருக்கு முன்பே கிளம்ப வேண்டிய மோதினார் இருக்கிறார், வீடு வீடாகப் பால் ஊற்றும் சகோதரர் இருக்கிறார், முட்டிவலியோடு கடைக்குப் போய்வரும் தையல்காரர் இருக்கிறார். பெட்ரோல் வண்டி வாங்கவோ ஓட்டவோ வசதி இல்லாதவர்கள். எனவே நிர்வாகக் குழுவில் இதை ஆர அமரப் பேசினோம். சைக்கிள் கடை நடத்தும் சகோதரர்களையும் ஒரு எலக்ட்ரீஷியனையும் அழைத்து விசாரித்தோம். கடன் கொடுப்பது என்று முடிவாகியிருக்கிறது. ஆனால் எல்லா சைக்கிளுக்கும் இல்லை, எல்லா மோட்டாருக்கும் இல்லை. காரணம் தெரியாமல் மறுத்தால் மனவருத்தம் வரும் என்பதால் இதை எழுதுகிறோம்.

முதலில் சைக்கிள். பையன் பத்தாவது படிக்கும்போது ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கி, கல்லூரிக்குப் போனதும் மொட்டைமாடியில் போட்ட 26 இஞ்ச் கியர் சைக்கிள் பல வீடுகளில் உண்டு. இரும்பு ஃபிரேம், அகலமான டயர், கனமான உடம்பு. மிதிக்கும்போது சுமையாகத் தெரிந்த அந்தக் கனம் மோட்டார் வைத்த பிறகு ஒரு பொருட்டே இல்லை. ஆனால் மழையில் நனைந்து கிடந்த சைக்கிளை ஃபிரேமின் பற்றவைப்பு இடங்களில் நன்றாகப் பார்க்க வேண்டும். ஹேண்டில்பாருக்குக் கீழேயும் பெடல் அச்சைச் சுற்றியும் துருவைச் சுரண்டிப் பாருங்கள். மயிரிழை விரிசல் தெரிந்தாலும் அந்த ஃபிரேம் பழைய இரும்புக்குத்தான் போக வேண்டும். டயர், டியூப், பிரேக் கட்டை, பிரேக் கம்பி எல்லாம் புதிதாகப் போடும் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். மோட்டார் கிட்டின் விலையை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டு வருபவர்களே அதிகம்.

கிட் என்பது பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஹப்புக்குள் மோட்டார் பொருத்திய ஒரு சக்கரம், மின்சாரத்தை அளந்து விடும் கண்ட்ரோலர், கைப்பிடியில் ஆக்ஸிலேட்டர், பெடல் சுற்றுவதை உணரும் சென்சார், பிடித்தவுடன் மோட்டாரை நிறுத்தும் பிரேக் லீவர்கள். இவற்றோடு பேட்டரி. ஸ்பேனர் பிடித்துப் பழகியவர் ஒரு நாளில் மாட்டிவிடலாம். வாங்கும் முன் அச்சு உட்காரும் இடத்தின் அகலத்தை ஸ்கேல் வைத்து அளந்துகொள்ளுங்கள். கியர் சைக்கிள்களில் பொதுவாக முன்பக்கம் 100 மில்லிமீட்டரும் பின்பக்கம் 135 மில்லிமீட்டரும் இருக்கும்.

முன்சக்கரமா பின்சக்கரமா என்று கேட்கிறார்கள். முன்சக்கரத்தில் மாட்டுவது சுலபம். செயினைத் தொட வேண்டியதில்லை, கியரைக் கழற்ற வேண்டியதில்லை. அதனால் பலர் அதையே வாங்குகிறார்கள். நாம் அதை ஏற்கவில்லை. மோட்டார் சக்கரத்தை முன்னால் தள்ளும்போது அதே விசையில் அச்சு பின்னால் திரும்பப் பார்க்கும். அந்த அச்சைப் பிடித்திருப்பது ஃபோர்க்கின் முனையிலுள்ள சிறு காடி மட்டுமே. ஸ்பிரிங் வைத்த முன் ஃபோர்க்குகள் பலவற்றில் அந்த முனை அலுமினிய வார்ப்பு. இரும்பு வளைந்து எச்சரிக்கும். வார்ப்பு அலுமினியம் சட்டென்று உடையும். ஓடும்போது முன்சக்கரம் கழன்றால் ஓட்டுபவர் முகங்குப்புற விழுவார். பின்சக்கரத்திலும் இதே விசை உண்டு என்றாலும் அங்கே ஃபிரேம் கெட்டி. அங்கேயும் நட்டை மட்டும் நம்பாமல், அச்சைக் கவ்வி ஃபிரேமோடு கட்டும் டார்க் ஆர்ம் என்ற இரும்புப் பட்டையைப் போட வேண்டும். விலை சொற்பம். கிட்டோடு வராவிட்டால் தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

வேகத்தைப் பற்றி வாலிபர்களிடமும் அவர்களின் பெற்றோரிடமும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறோம். மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, 250 வாட்டுக்குக் குறைவான மோட்டாரும் 25 கிலோமீட்டருக்குக் குறைவான வேகமும் கொண்டு, பரிசோதனை நிறுவனம் ஒப்புதல் அளித்த வண்டியே மோட்டார் வாகனக் கணக்கிலிருந்து விலக்குப் பெறுகிறது. வீட்டில் மாற்றிய சைக்கிளுக்கு அந்த ஒப்புதல் சான்று இருக்காது. இதை மறைத்து உங்களுக்கு ஆசை காட்ட மாட்டோம். அளவையாவது ஒருபோதும் மீறக்கூடாது என்பதே நமது நிபந்தனை. 500 வாட், 750 வாட் மோட்டார் மாட்டிய சைக்கிள், பதிவெண்ணும் இன்ஷூரன்ஸும் இல்லாத மோட்டார் வாகனம்தான். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, சிறுவர்கள் மோட்டார் வாகனம் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. சைக்கிள்தானே என்று மகனிடம் சாவியைக் கொடுக்கும் வாப்பாமார்கள் இதை ஒருமுறைக்கு இருமுறை படிக்கவும்.

செலவில் ஏறக்குறைய பாதி பேட்டரிக்கே போகும். 36 வோல்ட், 10 ஆம்பியர்-ஹவர் லித்தியம் பேட்டரியில் 360 வாட்-ஹவர் மின்சாரம் நிற்கும். சமதளச் சாலையில் கிலோமீட்டருக்கு 10 முதல் 15 வாட்-ஹவர் செலவாகும். கூடவே மிதித்தால் அதற்கும் குறையும். பேட்டரியை முழுக்க வற்றவிடாமல் ஓட்டினால் 25 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். மோதினாருக்கும் பால்காரருக்கும் இது தாராளம். ஒருமுறை முழுக்கச் சார்ஜ் ஏற அரை யூனிட் மின்சாரம்கூட ஆகாது. பெட்ரோலோடு ஒப்பிட்டால் இது செலவே இல்லை.

இங்கேதான் ஆபத்தும் இருக்கிறது. செலவை மிச்சம் பிடிக்கச் சிலர் பழைய லேப்டாப் செல்களைச் சேர்த்துப் பற்றவைத்த பேட்டரியை வாங்குகிறார்கள். இப்படி விற்கப்பட்ட ஒன்றை விண்ணப்பதாரர் ஒருவர் நம்மிடம் கொண்டுவந்து காட்டினார். மேலே பளபளப்பான நீல நிற உறை, உள்ளே வெவ்வேறு நிறச் செல்கள். பிஎம்எஸ் எனப்படும் காவல் பலகை அதில் இல்லவே இல்லை. ஒரு லித்தியம் அயன் செல் 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏறக்கூடாது. 36 வோல்ட் பேட்டரியில் வரிசையாக 10 செல்கள், முழுச் சார்ஜில் 42 வோல்ட். அவற்றில் ஒன்று தளர்ந்தாலும் மற்றவை வேறு கதியில் ஏறும். அதைக் கவனித்து மின்சாரத்தைத் துண்டிப்பது அந்தப் பலகைதான். அது இல்லாத பேட்டரியை வீட்டுக்குள் வைப்பது திறந்த கேஸ் அடுப்பின் பக்கத்தில் படுப்பதற்குச் சமம். அந்தச் சகோதரருக்கு அதற்குக் கடன் தரவில்லை. வேறு பேட்டரி பில்லோடு வரச் சொல்லியிருக்கிறோம்.

சார்ஜரும் அதே பேட்டரிக்கு உரியதாக இருக்க வேண்டும். 36 வோல்ட் என்று எழுதியிருந்தாலும் லித்தியம் அயனும் லித்தியம் ஃபெரோ பாஸ்பேட்டும் ஒன்றல்ல. பின்னது 12 செல் கொண்டது, 43.8 வோல்ட் வரை ஏறும். அந்தச் சார்ஜரை முன்னதில் செருகினால் அளவுக்கு மீறி ஏறும். பின் ஒன்றுபோல் இருக்கிறதே என்று பக்கத்து வீட்டில் சார்ஜர் இரவல் வாங்க வேண்டாம். வேகம் கூடும் என்று 36 வோல்ட் கண்ட்ரோலரில் 48 வோல்ட் பேட்டரியைச் செருகுவதும் வேண்டாம். கண்ட்ரோலர் கருகும், சட்ட அளவும் தாண்டிப்போகும்.

ஒயரிங் கடினமில்லை. மோட்டாரிலிருந்து மூன்று தடித்த ஒயர்களும் ஐந்து மெல்லிய ஒயர்களும் வரும். நிறத்துக்கு நிறம் சேர்த்தும் சக்கரம் உதறினால் அந்த வரிசை பொருந்தவில்லை என்று பொருள். கிட் விற்றவரிடமே சரிசெய்து வாங்குங்கள். சோதிக்கும்போது சக்கரம் தரையில் படாமல் தூக்கி வைத்திருக்க வேண்டும். பேட்டரிக்கு அருகிலேயே ஒரு ஃபியூஸ் கட்டாயம். மழைக்காலத்துக்காக, அச்சுக்குள் போகும் ஒயரை நேராக இறக்காமல் கீழே ஒரு வளையமாகத் தொங்கவிட்டு மேலேற்றுங்கள். தண்ணீர் அந்த வளையத்திலேயே சொட்டிவிடும், மோட்டாருக்குள் போகாது.

சார்ஜ் போடுவதைப் பற்றி வீட்டுப் பெண்களிடம் தனியாகச் சொல்லி வையுங்கள். பகலில் வீட்டில் இருப்பவர்கள் அவர்கள்தான். மாடிப்படிக்குக் கீழேயும் வாசல் நடையிலும் சார்ஜ் போடக்கூடாது. நம் தெருக்களின் நெருக்கமான வீடுகளில் வெளியேற இருப்பது அந்த ஒரே வழி. தீப்பிடித்தால் உள்ளே இருப்பவர்கள் சிக்கிக்கொள்வார்கள். இஷாவுக்குப் பின் செருகிவிட்டு உறங்குவதும் கூடாது. வெயிலில் ஓட்டி வந்த சூட்டோடு செருகாமல், ஆறவிட்டு, விழித்திருக்கும் நேரத்தில், மெத்தை துணிமணி இல்லாத தரையில் வைத்துப் போடுங்கள். பேட்டரி உப்பினாலோ இனிப்பு கலந்த ரசாயன வாடை வந்தாலோ அதோடு அதன் ஆயுள் முடிந்தது. பிறகு செருகவே கூடாது. புகை வந்தால் பேட்டரியைக் காப்பாற்றப் போகாமல் எல்லோரும் வெளியே வந்து 101-க்கு அழையுங்கள். செத்த பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் போடவும் கூடாது. 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகள் அதைத் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர்மீது வைத்திருக்கின்றன. வாங்கும்போதே கடைக்காரரிடம் அதைப் பேசிக்கொள்ளுங்கள்.

கடன் விதிகள் இவை. ஃபிரேமும் பிரேக்கும் நல்ல நிலையில் உள்ள சைக்கிள், 250 வாட்டுக்கு உட்பட்ட பின்சக்கர மோட்டார், பில்லும் வாரண்டியும் உள்ள பேட்டரி. பிழைப்புக்காகக் கேட்பவர்களுக்கு முன்னுரிமை. பணம் கையில் தரப்படாது, கடைக்கே செலுத்தப்படும். முன்னும் பின்னும் ஒளிரும் ரிஃப்ளெக்டரும் ஹெல்மெட்டும் இதே தொகையில் சேரும். தவணையை மாதாமாதம் வசதிப்படி பேசி முடிவு செய்துகொள்ளலாம்.

விண்ணப்பப் படிவம் அலுவலகத்தில் கிடைக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அஸர் தொழுகைக்குப் பின் மதரஸா முற்றத்தில் சைக்கிள் கடைச் சகோதரர் ஒருவர் சைக்கிளைப் பார்த்துச் சொல்ல இசைந்திருக்கிறார். கிட்டையும் பேட்டரியையும் வாங்கிவிட்டு வராமல், வாங்கும் முன் சைக்கிளை மட்டும் தள்ளிக்கொண்டு வாருங்கள்.

செயலாளர்