தென்கடலில் வீழ்ந்த விண்குப்பை

2015 நவம்பர் 13ஆம் நாள், இலங்கை நேரம் முற்பகல் 11.48 மணியளவில், நாம் பிறந்த தீவின் தென்கடலுக்கு மேலே வானிலிருந்து ஒரு பொருள் எரிந்து வீழ்ந்தது. டபிள்யூ.ரி. 1190எவ் எனப் பெயரிடப்பட்ட அது, மனிதன் விண்ணில் விட்டெறிந்த கழிவு. 1998இல் சந்திரனுக்கு ஏவப்பட்ட லூனார் புரொஸ்பெக்ரர் கலத்தின் உந்துபகுதியாக அது இருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து.

அது வீழும் நாளும் இடமும் முன்கூட்டியே அறிவிக்கப்பட்டிருந்தன. அமெரிக்காவின் கற்றலினா வான் ஆய்வினர் சிறுகோள்களைத் தேடுகையில் அக்டோபரில் அதனைக் கண்டனர். இத்தாலியின் பிராஸ்காற்றியிலுள்ள ஐரோப்பிய விண்வெளி முகவரக நிலையத்தைச் சேர்ந்த மார்க்கோ மிக்கேலி போன்றோர் அதன் பாதையை ஆராய்ந்தனர். விண்மீன்களிடையே நகரும் ஒளிப்புள்ளியை மீண்டும் மீண்டும் அளந்தே இப்பாதை கணிக்கப்படுகின்றது. காலத்தே அறிந்தால் விமானங்களும் படகுகளும் விலகிச் செல்லலாம்.

இவ்வாறு வானை நோக்கும் ஓரிடம் நமக்கு அண்மையிலும் உண்டு. பலேர்மோவுக்குக் கிழக்கே, மடோனியே மலைகளிடையே, இஸ்னெல்லோவில் 2016இல் திறக்கப்பட்ட கல் ஹசின் நிலையம் பொதுமக்களுக்குக் கோளரங்கமும் தொலைநோக்கிகளும் வைத்திருக்கின்றது. முபாரா மலைமீதுள்ள அதன் ஒரு மீற்றர் தொலைநோக்கி, பூமியை நெருங்கும் சிறுகோள்களைத் தேடுவது.

பிள்ளைகளை ஒருமுறை அங்கு அழைத்துச் செல்லுங்கள். விடிவெள்ளி பார்த்துக் கடலுக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அக்கல்வி அந்நியமானதன்று.