பில் போடும்போது லைன் அறுந்தால்...

தோவாளைப் பூச்சந்தைக் கடையானாலும் நாகர்கோவில் பலசரக்குக் கடையானாலும் இன்று கல்லாவுக்குக் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. பில் போடும்போது நெட்வொர்க் லைன் போனால் கணக்கு என்னாகும் என்பதை வணிகர்களாகிய நாம் தெரிந்துகொள்வது அவசியம்.

கணக்கையெல்லாம் வைத்திருக்கும் சர்வர், ஒரு பில்லின் எல்லா வரிகளையும் ஒரே பதிவாகவே பார்க்கிறது. கடைசியில் ‘கமிட்’ என்ற உறுதி விழுமுன் லைன் அறுந்தால், இருப்பில் கழித்தது உட்பட அனைத்தையும் ரத்து செய்துவிடும். பாதிப் பில் நிற்காது. உறுதி விழுந்த பிறகு அறுந்தாலோ பில் நின்றுவிடும். பதில்தான் நமக்கு வந்து சேராது. அதை அறியாமல் மறுபடி பட்டனை அழுத்தினால் இரண்டு பில்! முதலில் கடைசி பில் நம்பரைப் பாருங்கள்.

லைன் அறுந்தது சர்வருக்கு உடனே தெரியாது. தெரியும்வரை அந்தச் சரக்கின் இருப்புக் கணக்கு பூட்டியே கிடக்கலாம். பக்கத்துக் கல்லா காத்து நிற்கும். லினக்ஸில் ஓடும் சர்வர், வழக்கமான அமைப்பின்படி, 2 மணி நேர மௌனத்துக்குப் பிறகே எதிர்முனையை விசாரிக்கும். சாப்ட்வேர் போட்டுத் தந்தவரிடம் சொல்லி இதைச் சில நிமிடங்களாகக் குறைத்துக்கொள்ளலாம்.

யு.பி.ஐ.யிலும் இதே கதைதான். வாடிக்கையாளர் கணக்கில் பணம் கழிந்து, கடைக்கு உறுதி வராவிட்டால் 5 நாட்களுக்குள் திருப்ப வேண்டும், தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்று ரிசர்வ் வங்கி 2019-இல் உத்தரவிட்டது. இதை வாடிக்கையாளருக்குப் பொறுமையாக எடுத்துச் சொல்வோம். இருமுறை வசூலித்த கடைக்கு யாரும் மறுமுறை வரமாட்டார்கள்.