பேட்டனை மடக்கின சேறு

டாங்கின்னா உங்களுக்கு பீரங்கிக் குழாய்தான் ஞாபகம் வரும். மகாராஷ்டிராவின் அகமதுநகரில் (இப்போ அகில்யாநகர்) 1994-ல் தொடங்கிய கேவல்ரி டாங்க் மியூசியத்துக்குப் போனா, முதல்ல கீழே இருக்கிற செயின் ட்ராக்கைப் பாருங்க. நம்ம திண்டுக்கல் பக்கம் நடவு வயல்ல டிராக்டருக்கு கேஜ் வீல் மாட்டுவாங்களே, அதே வேலைதான்: எடையைப் பரப்பி, புதையாம நகர்த்தும்.

ஆனா அதுக்கும் ஓர் எல்லை இருக்கு. 1965 செப்டம்பர், பஞ்சாபின் அசல் உத்தர். நம்ம ராணுவம் வயல்களில் தண்ணீரைத் திறந்துவிட்டது. 40 டன்னுக்கு மேல் எடையுள்ள பாகிஸ்தானின் பேட்டன் டாங்கிகள் சேற்றில் திணறின. கரும்புக் காட்டுக்குள் பதுங்கியிருந்த நம்ம செஞ்சூரியன்கள் சுட்டுத் தள்ளின.

மியூசியத்தில் இந்த ரெண்டு வகையும் இருக்கு, ஆவடியில் செஞ்ச விஜயந்தாவும்தான். பேட்டன் மேலே இருக்கிற மூடியைக் கவனிங்க. சேற்றில் மாட்டின ஒவ்வொரு பேட்டனிலும் 4 அல்லது 5 பேர். வெளியே வர அந்த மாதிரி சின்ன வாய்கள்தான் வழி.