சத்திரத்திலிருந்து கூடத்துக்கு

அயர்லாந்தில் ஊர்ப்புறத்துக் குடும்பங்கள் தாம் குடியிருக்கும் வீட்டிலேயே சில அறைகளைப் பயணிகளுக்கு விட்டு, காலையில் முட்டையும் பன்றி இறைச்சியும் சோடா ரொட்டியும் சமைத்துப் பரிமாறும் ‘பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட்’ முறை அங்கு நெடுங்காலமாக ஒரு பிழைப்பாகவே நடந்து வருகிறது. காவிரிப் படுகையில் ‘ஹோம்ஸ்டே’ என்ற பெயரில் அதே ஏற்பாடு அண்மையில்தான் வந்திருக்கிறது. நெல்லுக்கும் யாத்திரிகருக்கும் குறைவில்லாத தஞ்சை மண்ணில் இது இவ்வளவு பிந்தியதற்குக் காரணம், வீட்டுச் சோற்றுக்குக் காசு வாங்குவது குடும்பத்துக்கு இழுக்கு என்று கருதப்பட்டதும், வழிப்போக்கரைக் கவனிப்பது அரசரும் மடங்களும் மிராசுதார்களும் ஏற்ற தருமமாக இருந்ததுமே ஆகும்.

அத்தருமங்களுள் பெரியவை தஞ்சை மராட்டிய மன்னர்களின் சத்திரங்கள், அதாவது வழிப்போக்கருக்கு இலவசமாக உணவும் தங்குமிடமும் அளித்த கட்டடங்கள். இராமேசுவர யாத்திரைப் பாதையில் எழுந்த இவற்றுள் பல அரச குடும்பத்துப் பெண்களின் பெயரைத் தாங்கியவை. நீடாமங்கலத்து யமுனாம்பாள் சத்திரமும், இரண்டாம் சரபோஜி ஒரத்தநாட்டில் கட்டிய முக்தாம்பாள் சத்திரமும் அவ்வகையின. 1799 உடன்படிக்கையால் நாட்டாட்சி கிழக்கிந்தியக் கம்பெனியிடம் போன பின், சத்திரங்களையாவது தம் பொறுப்பில் விட்டுவைக்குமாறு சரபோஜி 1801 ஜனவரியில் கம்பெனியின் பிரதிநிதியான ரெசிடெண்ட் பெஞ்சமின் டோரினுக்கு எழுதிய கடிதம் அங்கு நடந்ததை நுணுக்கமாகச் சொல்கிறது: எல்லாச் சாதியாருக்கும் சோறு உண்டு, சமைத்த சோற்றை ஏற்காதவருக்கு அரிசி அளக்கப்படும், நள்ளிரவில் மணியடித்து, இன்னும் உண்ணாதவர் இருந்தால் அழைக்கப்படுவர், நோயாளிக்கு வைத்தியரும் மருந்தும் உண்டு, அங்கே பிள்ளை பெற்றவள் மூன்று மாதம் தங்கலாம். உரிமைக்காக வாதாடும் மனு என்பதால் மன்னர் சற்றுக் கூட்டியே எழுதியிருக்கக்கூடும். ஆனால் அந்த நள்ளிரவு மணி கற்பனையில் எளிதாகத் தோன்றக்கூடியதன்று.

தனி வீடுகள் இவ்வளவு தாராளமாக இருந்ததில்லை. தெருவைப் பார்த்த திண்ணை, அடுத்து ரேழி எனப்படும் குறுகிய நடை, வானம் திறந்த முற்றத்தைச் சுற்றிய கூடம், அதன் பின்னே அடுக்களை, கடைசியில் கொல்லை என்று நீளும் அக்கிரகார வீட்டில், வந்தவர் எதுவரை வரலாம் என்பதைச் சாதியும் உறவுமே முடிவு செய்தன. பலருக்குத் திண்ணை மட்டுமன்றித் தெருவே மூடியிருந்தது. இன்று அறை வாடகை கொடுத்தவர், எவராயினும், ரேழியைக் கடந்து கூடத்தில் உட்கார்ந்து, நுனி இடப்பக்கம் இருக்கும்படி போட்ட வாழையிலையில் இட்லியும், வேகவைத்த பாசிப்பருப்பிலும் உருளைக்கிழங்கிலும் தேங்காயும் சோம்பும் அரைத்துவிட்டுக் கொதிக்கவைத்த கும்பகோணம் கடப்பாவும் உண்டு, டபராவில் ஆற்றி டிகிரி காப்பி குடிக்கிறார். தருமம் திறக்காத கதவைக் காசு திறந்தது என்றால் பழம்பெருமை பேசுவோருக்குக் கசக்கும்.

மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் திட்டப்படி, இத்தகைய வீட்டில் ஒன்று முதல் ஆறு அறைகள் வரை விடலாம். வசதிக்கேற்பத் தங்கம், வெள்ளி என இரு தரங்கள் உண்டு. வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். விருந்தாளிக்குப் பஞ்சமில்லை: பெரிய கோயில் 1987-லும், தாராசுரமும் கங்கைகொண்ட சோழபுரமும் 2004-லும் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன, ஆண்டுதோறும் திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனை நடக்கிறது, 2028-ல் கும்பகோணத்தில் மகாமகம் வரவிருக்கிறது.

தடையாக நிற்பது வேறொரு விதி. உரிமையாளர் குடும்பத்தோடு அதே வீட்டில் குடியிருக்க வேண்டும் என்று திட்டம் சொல்கிறது. ஆனால் பிள்ளைகள் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் அமெரிக்காவுக்கும் போய்விட்டதால், முற்றமும் கூடமும் உள்ள பழைய வீடுகள் பல பூட்டியே கிடக்கின்றன, ஆள் வைத்து நடத்தினால் அது சிறிய ஓட்டலாகிவிடும். குடியிருக்கும் வயதான தம்பதியரோ, கொல்லைக்கோடியில் இருக்கும் கழிப்பறையை அறையோடு சேர்த்துக் கட்ட முதல் தேட வேண்டியிருக்கிறது.