ஒரு றாத்தல் பாணும் ஒரு ஸாஉ அரிசியும்

சுபஹு தொழுதுவிட்டு வரும் வழியில் பேக்கரிக்குள் நுழையும் எவரும் இன்றைக்கும் "450 கிராம் பாண் ஒன்று தாங்க" என்று கேட்பதில்லை. "காக்கா, ஒரு றாத்தல்" என்றுதான் கேட்கிறோம். சட்டப்படி அந்தப் பாணின் நிறை 450 கிராம். பழைய ஆங்கில றாத்தலோ 453.6 கிராம். அளவு மாறிவிட்டது, பேர் மாறவில்லை.

பாண் மட்டுமல்ல. சீனியைக் கிலோவிலும் பெற்றோலை லீற்றரிலும் வாங்குகிறோம். கிளினிக்கில் பிள்ளையைக் கிலோவில் நிறுக்கிறோம். அதே பிள்ளை வளர்ந்து கலியாணப் பேச்சு வரும்போது "மாப்பிள்ளை அஞ்சடி எட்டங்குலம்" என்கிறோம். காணியென்றால் பேர்ச், நகையென்றால் பவுண். வீதியோரத்தில் கிலோமீற்றர் கல் நட்டு எத்தனையோ வருடமாயிற்று. மைல்கல்லை வைத்து வந்த மூணாங்கட்டை, ஆறாங்கட்டை என்ற பேர்கள் அப்படியே கிடக்கின்றன. 1970களில் மெட்ரிக் முறை நாட்டுக்குள் வந்தது. 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்க அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் சட்டமும் அதையே உறுதிப்படுத்துகிறது. ஆனால் சட்டம் தராசுக்குள் நுழைந்த அளவுக்கு வாய்க்குள் நுழையவில்லை.

இதனால் பெரிய கேடொன்றும் இல்லை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பேச்சில் றாத்தல் இருந்தால் யாருக்கு என்ன நட்டம்? ஆனால் மார்க்கக் கடமையொன்றை அளக்கப் போகும்போது இந்தக் கலப்பு இடறுகிறது. அங்கே பழைய அளவு பேச்சோடு நிற்பதில்லை, அதுதான் கணக்கின் அடிப்படை. அதைக் கிலோவாக மாற்றும்போது எதை எதனால் பெருக்கினோம் என்று பார்க்காவிட்டால் ஏழையின் பங்கு குறையலாம், அல்லது கடமையில்லாதவன் தலையில் கடமை ஏறலாம்.

முதலில் றாத்தலையே எடுத்துக்கொள்வோம். இது அறபு மொழியின் 'ரத்ல்'. அறபிகளிடமிருந்து போர்த்துக்கேயர் அதை 'அராத்தெல்' என்று எடுத்துக்கொண்டனர். அவர்களோடு நம் கரைக்கு வந்து இறாத்தலாயிற்று. பாண் என்ற சொல்லும் போர்த்துக்கேயருடையதுதான். ஆக 'ஒரு றாத்தல் பாண்' என்னும்போது ஒரே கப்பலில் வந்த இரண்டு சொற்களைத்தான் சேர்த்துச் சொல்கிறோம். பிறகு ஆங்கிலேயர் தங்கள் பவுண்ட் நிறையைக் கொண்டுவர, இறாத்தல் என்ற பேர் அதற்குப் போய்விட்டது. பழைய ரத்ல் வேறு, இந்த றாத்தல் வேறு. ரத்லுக்கே ஊருக்கு ஊர் நிறை வேறுபட்டது.

இது ஏன் முக்கியம்? ஷாபிஈ மத்ஹபின் பிக்ஹு நூல்கள் பித்றாவுக்குரிய ஒரு ஸாஉவை ஐந்தும் மூன்றிலொரு பங்கு பக்தாத் ரத்ல் என்கின்றன. தமிழ் வாசகர் அதை 'ஐந்தேசொச்சம் இறாத்தல்' என்று வாசித்து, தனக்குத் தெரிந்த 453.6 கிராமால் பெருக்கினால் விடை 2.4 கிலோவை ஒட்டி வரும். பக்தாத் ரத்லை 382 கிராம் அளவில் எடுப்போர் கணக்கில் அதே ஸாஉ 2.04 கிலோ. ஹனபி மத்ஹபில் ஒரு ஸாஉ என்பது எட்டு ரத்ல். அங்கே மூன்று கிலோவையும் தாண்டிவிடும். நோன்புப் பெருநாளைக்கு முந்திய இரவில் ஒரு பள்ளியில் ஒன்றும் அடுத்த பள்ளியில் இன்னொன்றுமாக அறிவிப்புக் கேட்டு, "இந்த ஆலிம்கள் ஒன்றுபட மாட்டாங்களா" என்று சலித்துக்கொள்வோர் உண்டு. அவர்கள் சண்டை பிடிக்கவில்லை. ஒரே சொல்லின் வெவ்வேறு நிறைகளைப் பெருக்கிக் கொண்டிருக்கிறார்கள்.

ஆனால் ரத்ல் கணக்கே இரண்டாம்பட்சம்தான். ஸாஉ அடிப்படையில் நிறையே அல்ல. அது ஒரு பாத்திரம். நான்கு முத்து சேர்ந்தது ஒரு ஸாஉ. முத்து என்பது நடுத்தர ஆளொருவர் இரண்டு கைகளையும் சேர்த்து ஏந்தி அள்ளும் அளவு. தராசில்லாத குடிலிலும் அளக்கலாம். இன்றைய கணிப்புகளில் பல, ஸாஉவின் கொள்ளளவை ஏறத்தாழ 2.75 லீற்றர் என்கின்றன. அந்தப் பாத்திரத்தை அரிசியால் நிரப்பினால் 2.2 கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதலாக நிற்கும். கோதுமை மாவால் நிரப்பினால் ஒன்றரைக் கிலோவைச் சுற்றி நிற்கும். பாத்திரம் ஒன்று, கிலோ பல. 'ஒரு ஸாஉ இத்தனை கிலோ' என்று எழுதுகிறவர், எந்தத் தானியத்தில் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். பெரும்பாலும் எழுதுவதில்லை.

இதை விளங்கிக்கொள்ள நமக்குத் தூரம் போக வேண்டியதில்லை. நம்முடைய கொத்தும் பாத்திரம்தானே. 32 கொத்து ஒரு புசல், புசல் 36.37 லீற்றர், ஆகவே ஒரு கொத்து 1.137 லீற்றர். இந்த நாட்டின் அரசியலே கொத்தால் அளக்கப்பட்ட காலம் உண்டு. கொத்தரிசி 25 சதத்திலிருந்து 70 சதத்துக்கு ஏறியபோதுதான் 1953 ஆகஸ்ட் 12 ஹர்த்தால் வெடித்தது. 1970 தேர்தலிலும் பேச்சு இரண்டு கொத்து அரிசியைப் பற்றித்தான். (வகுப்பில் 'மரைக்கால்' என்ற அளவைச் சொன்னபோது ஒரு பிள்ளை எழும்பி, "பள்ளிவாசல் மரைக்காரா சேர்?" என்று கேட்டான். கொத்தைக் கேட்டிருந்தால் கொத்துரொட்டி என்றிருப்பான்.) ஸாஉவைக் கொத்தில் பார்த்தால் இரண்டரைக்குச் சற்றுக் குறைவு. இரண்டரைக் கொத்து அரிசி அளந்து கொடுத்த மூத்தம்மாமார் கிலோ அறியாமலே சரியாகக் கொடுத்திருக்கிறார்கள்.

நெல்லின் ஸகாத்தில் இது இன்னும் கனக்கிறது. விளைச்சலின் நிஸாப் ஐந்து வஸக், அதாவது 300 ஸாஉ. ஸகாத் நூல்களில் அடிக்கடி காணும் 653 கிலோ என்ற எண், ஒரு ஸாஉவை 2.176 கிலோ கோதுமையாகக் கொண்டு போட்ட கணக்கு. அந்த எண்ணை அப்படியே எடுத்து, "653 கிலோ நெல் வந்தால் கடமை" என்று சொல்வதை நான் கேட்டிருக்கிறேன். கோதுமைக்கு உமியில்லை, நெல்லுக்கு உண்டு. உமியோடு சேமிக்கப்படும் தானியத்துக்குப் பத்து வஸக் என்று ஷாபிஈ மத்ஹபின் நூல்கள் தெளிவாகவே பிரித்துச் சொல்கின்றன. அப்படியானால் 600 ஸாஉ, 2.75 லீற்றரால் பெருக்க 1,650 லீற்றர். அதை நம் புசலில் போட்டால் 45 புசல் சொச்சம். ஒரு புசல் நெல் 46 றாத்தல், அதாவது 20.87 கிலோ. ஆக ஏறத்தாழ 945 கிலோ நெல். 653க்கும் 945க்கும் இடையில் அறுவடை எடுக்கும் சின்ன விவசாயி இந்த மத்ஹபின்படி நிஸாபை அடையாதவர். அவரிடம் போய்க் கடமையென்று சொன்னால் அது மாற்றுக் கணக்கின் பிழை, மார்க்கத்தின் சட்டமல்ல. (இமாம் அபூ ஹனீபா அவர்களிடம் விளைச்சலுக்கு நிஸாபே கிடையாது. அது தனிப் பேச்சு.) நிஸாபைத் தாண்டியவருக்கு மழையில் விளைந்ததென்றால் பத்திலொன்று, செலவு செய்து நீர் இறைத்ததென்றால் இருபதிலொன்று.

இதே விவசாயியை வயலோரத்தில் இன்னொரு பழைய அளவும் பிடிக்கிறது: மூடை. மூன்று புசலை ஒரு மூடையென்று எடுத்தால் 62 கிலோ சொச்சம் வரும். ஆனால் மூடை என்பது அளவின் பேரல்ல, சாக்கின் பேர். விலை "மூடைக்கு இவ்வளவு" என்று பேசப்படுகிறது. ஈரப்பதன், கழிவு என்று காரணம் சொல்லி அந்த மூடைக்குள் 68, 70 கிலோ போடச் சொல்கிறார்கள். கிலோவுக்கு விலை பேசுங்கள் என்றால் "வழக்கம் அப்படித்தான்" என்பது பதில். பழைய அளவுகள் மேல் எனக்குப் பாசம் உண்டு. இந்த இடத்தில் மட்டும் நான் கிலோவின் பக்கம். அளவில் மோசம் செய்வோரைப் பற்றிக் குர்ஆனின் 83ஆவது அத்தியாயம், அல்முதப்பிபீன், அவர்கள் பேரிலேயே இருக்கிறது.

பொன்னில் சிக்கல் குறைவு; நிறை நிறையாகவே மாறுகிறது. இருபது மித்கால், ஒன்று 4.25 கிராம் வீதம், 85 கிராம். நம் 8 கிராம் பவுணில் பத்தரைக்குச் சற்று மேல். காணியில் தசமப் புள்ளியைப் பார்த்துக்கொண்டால் போதும். பத்துப் பேர்ச் 0.0253 ஹெக்டெயர். ஒரு பூச்சியம் தவறினால் மகளுக்கு எழுதும் வளவு காகிதத்தில் நூறு பேர்ச்சாகிவிடும்.

எங்கள் வீட்டில் மூத்தம்மாவின் பித்தளைக் கொத்தொன்று இருக்கிறது. பாடசாலை ஆய்வுகூடத்து அளவுச் சாடியைக் கடன் வாங்கி வந்து ஒருநாள் அதில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். 1,120 மில்லிலீற்றர் பிடித்தது. 17 குறைகிறது. கொத்தின் ஒரு பக்கம் நெளிந்திருக்கிறது, விழுந்திருக்க வேண்டும். உம்மாவிடம் சொன்னேன். "அதுக்குத்தான் மூத்தம்மா எப்பவும் தலைவெட்டாம, குவிச்சு அளந்தவ" என்றார்.