இறால் பொதிந்த சோற்றுருண்டை

ஜப்பானியர்க்கும் நெற்சோறே முதன்மையான உணவாகும். அதனை உருண்டையாகப் பிடித்துக் கட்டுச்சோறாக எடுத்துச் செல்லுதல் அந்நாட்டில் தொன்றுதொட்டு வரும் வழக்கம். அவ்வுருண்டைக்கு 'முசுபி' என்று பெயர். மாவில் தோய்த்து எண்ணெயிற் பொரித்த பண்டம் 'டெம்புரா' எனப்படும். 1543-இல் அங்கு முதன்முதல் வந்திறங்கிய போர்ச்சுகீசியர் வாயிலாக இம்முறை பரவிற்று என்பர். இவ்விரு பெயர்களும் குறுகி ஒட்டியதே 'டென்முசு' என்னும் சொல்.

20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், மீயே மாநிலத்துச் சூ நகரில் டெம்புராக் கடைக்காரர் ஒருவர்க்கு அமர்ந்து உண்ணவும் ஓய்வில்லை. அது கண்ட அவர் மனைவியார், பொரித்த இறாலை நறுக்கிச் சோற்றினுள் பொதிந்து கொடுத்தார். கணவரின் பசிக்காகச் செய்த உணவு பின்னர் விலைப்பொருளாயிற்று. இந்நாளில் முழு இறாலையே வைத்து, அதன் வால் வெளியே தெரியுமாறு பிடித்து, உலர்ந்த கடற்பாசித் தாளைச் சுற்றுவர். இரண்டு மூன்று வாயில் உண்டுவிடலாம், அத்துணைச் சிறியது. ஆறிய பின்னும் சுவை குன்றாது. சோயாச் சாற்றில் வெந்த 'ஃபுக்கி' என்னும் செடியின் தண்டு இதற்குத் தொடுகறி.

1980 அளவில் நாகோயாப் பெருநகரில் இதற்கெனக் கடை தோன்றிற்று. அந்நகரின் பெயரும் பெருக்கமும் இவ்வுணவைத் தமதாக்கிக் கொண்டன. நாகோயா உணவென்றே பலரும் இதனை வாங்கி உண்கின்றனர். சோறு பிடித்த அம்மையாரின் ஊர் சூ என்பதை அவர்களுள் அறிந்தோர் சிலரே.