மணற்குன்றை நிறுத்துவது எது?

பிரேசிலின் வடகிழக்குக் கரையில் லென்சோயிஸ் மரன்யென்சிஸ் என்ற தேசியப் பூங்கா இருக்கிறது. அங்கே ஆண்டுக்கு 1,200 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. மழைக்காலம் முடியும்போது மணற்குன்றுகளுக்கு நடுவே குளங்கள் ததும்பி நிற்கும். ஆனாலும் குன்றுகள்மேல் பச்சையைக் காண்பது அரிது. மொட்டை மணல் காற்றின் போக்கில் நகர்ந்துகொண்டே இருக்கிறது. இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் நிட்சானா பகுதி நேர்மாறு. ஆண்டு முழுவதும் சேர்த்தே 100 மில்லிமீட்டரை ஒட்டித்தான் மழை. உச்சி முகடுகளைத் தவிர, அங்குள்ள குன்றுகள் அசையாமல் நிற்கின்றன.

மழை கூடினால் மணல் அடங்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். இந்த இரண்டு இடங்களும் அந்தக் கணக்கைக் கலைத்துவிடுகின்றன. வேறுபாட்டுக்கு முதல் காரணம் காற்று.

காற்று ஒரு வேகத்தைத் தாண்டியதும் மணல் துகள்கள் துள்ளத் தொடங்கும். துள்ளிய துகள் விழுகிற இடத்தில் மோதி, வேறு துகள்களையும் கிளப்பிவிடும். லிபியப் பாலைவனத்தில் சுற்றித் திரிந்த பிரிட்டன் ராணுவப் பொறியாளர் ரால்ஃப் பேக்னால்ட் இந்த இயக்கத்தை ஆராய்ந்து 1941இல் தனி நூலாகவே எழுதினார். பலமான காற்றில், நகரும் மணலின் அளவு ஏறத்தாழ வேகத்தின் மும்மடியாகப் பெருகும். காற்று இரு மடங்கானால் மணல் எட்டு மடங்காகலாம். அப்படிப்பட்ட காற்று மாதக்கணக்கில் வீசும் கரையில் விதை முளைத்து என்ன பயன்? ஒன்று வேரடி மணல் பறிபோகும், இல்லையென்றால் குருத்து புதையுண்டு போகும். நிட்சானாவில் காற்றின் ஆற்றல் குறைவு. செடிக்கு வேரூன்ற அவகாசம் கிடைக்கிறது.

வறண்ட நாட்டில் மணல் செடிக்குப் பகையும் அல்ல. களிமண்ணில் பெய்த சிறுமழை மேலேயே தங்கி ஆவியாகிவிடும். மணலிலோ நீர் சட்டென்று கீழே இறங்கிவிடும். மேல்மணல் விரைவில் காய்ந்து, அடியிலுள்ள ஈரத்தை வெயிலிடமிருந்து மூடிக் காக்கும். ஆக, காற்றைக் கொஞ்ச காலம் தடுத்துவிட்டால் குறைந்த மழையே போதும்.

இதைச் செய்து காட்டிய இடம் சீனாவின் ஷாபோதோ. டெங்கர் பாலைவனத்தின் தென்கிழக்கு ஓரத்தில், உயர்ந்த மணற்குன்றுகளின் ஊடே 1950களில் பாவ்தோ–லான்ஜோ ரயில்பாதை போடப்பட்டது. தண்டவாளம் புதைந்துவிடும் என்ற அச்சத்துக்கு விடையாக வந்தது கோதுமை வைக்கோல். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் கட்டங்களாக வைக்கோலை மணலில் செருகினார்கள். மேலே நீட்டிக்கொண்டிருந்தது ஒரு சாண் உயரம்தான். தரையை ஒட்டி வீசும் காற்றின் வேகத்தைக் குறைக்க அதுவே போதுமானதாக இருந்தது. சில ஆண்டுகளில் வைக்கோல் மக்கிவிடும். அதற்குள் கட்டங்களில் நட்ட புதர்ச்செடிகள் வேர்பிடித்தன. ஆண்டுக்குச் சுமார் 180 மில்லிமீட்டர் மழையை மட்டும் நம்பி, நீர் பாய்ச்சாமலே அவை வளர்ந்தன. 1958இல் ரயில் ஓடத் தொடங்கியது.

இதற்குப் பிறகு நடந்ததை யாரும் நட்டு வளர்க்கவில்லை. காற்று தணிந்த மணலில் நுண்ணிய தூசி படிந்தது. அதில் சயனோபாக்டீரியா என்னும் நுண்ணுயிர்கள் குடியேறின. ஈரம் பட்டதும் அவை விழித்து, இழை இழையாக நீண்டு, பிசின் போன்ற சர்க்கரைப் பொருளைச் சுரந்து துகள்களை ஒட்டிவிடும். காய்ந்தால் செயலற்று உறங்கும். பிறகு பாசிகளும் லைக்கன்களும் சேர்ந்துகொள்ள, மணலின் மேல் ஓர் உயிருள்ள பொருக்கு உருவாகிறது. பல இடங்களில் அதன் தடிமன் சில மில்லிமீட்டர்தான். ஆனாலும் அது காற்றுக்கு அசைந்து கொடுக்காது.

அந்தப் பொருக்கு ஒரு விலையும் கேட்கிறது. ஷாபோதோவில் அது தடிக்கத் தடிக்க, மழைநீரை மேலேயே பிடித்து வைத்துக்கொண்டது. ஆழத்தில் ஈரம் குறைந்தது. ஆழ வேர்விட்ட புதர்கள் பத்தாண்டுகள் போகப்போக மெலிந்தன, மேலோட்டமாக வேர்விடும் சிறு பூண்டுகள் பெருகின. இதைத் தோல்வி என்று சொல்ல முடியாது. அந்த மழைக்கு அந்த மணல் தாங்கக்கூடிய அளவுக்குத் தாவரங்கள் ஒடுங்கின, அவ்வளவுதான். பாலைவனம் முழுவதும் அடர்த்தியாக மரம் நட்டால் போதும் என்று நினைக்கும் அரசுகள் இந்த நீர்க்கணக்கைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பொருக்கின் வலிமை விண்வெளியிலிருந்தே தெரிகிறது. இஸ்ரேல்–எகிப்து எல்லை நேர்கோடாகச் செல்லும் இடத்தில், செயற்கைக்கோள் படத்தில் இஸ்ரேல் பக்கம் கருமையாகவும் எகிப்துப் பக்கம் பளிச்சென்றும் இருக்கும். மழையும் மணலும் இரு பக்கமும் ஒன்றுதான். எகிப்துப் பக்கத்தில் ஆடுகள் மேய்ந்தன, விறகுக்குப் புதர்கள் வெட்டப்பட்டன. 1982க்குப் பிறகு எல்லை அடைபட்ட இஸ்ரேல் பக்கத்தில் குளம்படி படவில்லை. கருமைக்குச் செடிகளே காரணம் என்று நெடுநாள் கருதப்பட்டது. பொருக்குதான் முக்கியக் காரணம் என்று ஆர்னான் கார்னியேலியும் ஹைம் ட்சோவாரும் 1995இல் காட்டினார்கள்.

நம் தார் பாலைவனத்திலும் ஜோத்பூரின் மத்திய வறண்ட நில ஆராய்ச்சி நிறுவனம் ஷாபோதோவைப் போலவே முதலில் காப்பு, பிறகு செடி என்ற வரிசையில்தான் வேலை செய்தது. முதலில் வேலியிட்டு மேய்ச்சலைத் தடுத்தார்கள். காற்றுக்குக் குறுக்கே முள்ளும் சருகுமாக வரிசை கட்டினார்கள். அதன் பிறகே மரமும் புதரும் சேவண் புல்லும் வந்தன. அங்கே மணலைக் காலங்காலமாகப் பிடித்து வைத்திருந்த போக் புதரோ, கரிக்காக வேரோடு தோண்டியெடுக்கப்பட்டது. குன்றின் சரிவிலும் டிராக்டர் ஏறி உழுகிறது. வேர் போன இடத்தில் கோடைக்காற்றுக்கு மணல் மறுபடியும் கிளம்புகிறது.

பாலைவனச் சுற்றுலா செல்பவர்கள் ஒன்றைச் செய்யலாம். கருத்து, சொரசொரப்பாகத் தெரியும் மணலின் மேல் நடக்காதீர்கள், ஜீப்பை ஏற்றச் சொல்லாதீர்கள். சக்கரம் ஒருமுறை நொறுக்கிய பொருக்கு மீண்டும் உருவாகப் பல ஆண்டுகள் ஆகும்.